சுருதி யாருக்கு?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், 2010-ஆம் ஆண்டு அணியின் சார்பில் ஆற்றிய உரை. மேடையில் பேசியதைக் கூடியவரை அப்படியே எழுதித் தந்திருக்கிறேன்.)



செயலாளர் சார் போன் செய்தபோது, "உன் வேலையைப் பற்றி ஏதாவது பேசுப்பா. சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் இருக்கு" என்றார். என் வேலை, கார் தொழிற்சாலைகளில் வெல்டிங் ரோபோக்களை நிறுவி ஓட விடுவது. அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினால், மெக்கானிக்கல்காரர்களே முதலில் எழுந்து பந்திக்குப் போய்விடுவார்கள். அதனால் ஒரு பாட்டைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பயப்படாதீர்கள், பாடப் போவதில்லை. 2009 கல்லூரி விழாவில் நான் பாடியதைக் கேட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் சொல்லப் போவது ஓர் அமெரிக்கப் பாட்டு. 1973-இல் வெளிவந்தது. ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து பாடியது. கணவர் ஜார்ஜ் ஜோன்ஸ். மனைவி டாமி வைனெட். பாட்டின் பெயர் 'வீ ஆர் கோனா ஹோல்ட் ஆன்'. "நாம் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்போம்" என்று வைத்துக்கொள்ளுங்களேன். கண்ட்ரி மியூசிக் என்று சொல்வார்களே, அந்த வகை. அமெரிக்காவின் தென் மாநிலக் கிராமங்களில் பிறந்த பாட்டு. பிடில், கிதார், பெடல் ஸ்டீல் என்று ஓர் அழுகிற வாத்தியம். விஷயம் பெரும்பாலும் வீடு, வேலை, குடி, பிரிவு, கடவுள். நம் ஊர்ப் பாட்டுகளின் விஷயமும் அதுதானே!

இந்தப் பாட்டை நான் தேடிப் போகவில்லை. 2018 ஜூன் மாதம் கம்பெனி என்னை டென்னஸி மாநிலத்துக்கு அனுப்பியது. நாஷ்வில் நகரத்திலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் ஒரு தொழிற்சாலை. 14 மாத வேலை. அங்கே மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் ஒருவர், 60 வயதைத் தாண்டியவர், தினமும் என்னைத் தன் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். வண்டியில் ஏறினால் கண்ட்ரி பாட்டுத்தான். நான் இளையராஜாவைப் போட்டுக் காட்டினேன். ரசித்தார், "வயலின் நிறைய இருக்கு" என்றார். மறுபடி அவர் பாட்டையே போட்டுவிட்டார்.

ஒரு நாள் இந்தப் பாட்டு வந்தது. ஆண் குரல் ஒரு வரியை இழுத்து, வளைத்து, கீழே விட்டு மறுபடி எடுக்கிறது. பெண் குரலில் ஒரு சின்ன விம்மல். பல்லவியில் இரண்டு பேரும் சேர்கிறார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "யார் சார் இவங்க?" என்று கேட்டேன். "புருஷன் பெண்டாட்டி" என்றார். "என்ன ஒற்றுமை பாருங்க!" என்று நான் உருகினேன். அவர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "1975-லேயே டைவர்ஸ் ஆயிடுச்சு" என்றார்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "அப்போ பாட்டு பொய்யா?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்க கல்யாணத்துல நானும் என் மனைவியும் இந்தப் பாட்டுக்குத்தான் ஆடினோம். நாங்களும் பிரிஞ்சிட்டோம். அது பாட்டோட தப்பா?"

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் கேள்வி மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. இந்த இரண்டு பேரையும் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

டாமி வைனெட் 1942-இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். தாத்தா பாட்டியின் பண்ணையில் பருத்தி எடுத்து வளர்ந்தார். முதல் கல்யாணம் முறிந்து, மூன்று பெண் குழந்தைகளோடு 1966-இல் நாஷ்வில்லுக்கு வந்து, ஒவ்வொரு ரெக்கார்டிங் கம்பெனி வாசலாக ஏறி இறங்கினார். எபிக் கம்பெனியின் தயாரிப்பாளர் பில்லி ஷெர்ரில் என்பவர் வாய்ப்புக் கொடுத்தார். 'டாமி' என்ற பெயரே அவர் வைத்ததுதான். 1968-இல் 'ஸ்டாண்ட் பை யுவர் மேன்' என்ற பாட்டு அவரை உச்சத்துக்குக் கொண்டுபோனது. பெண் என்பவள் தன் ஆணுக்குத் துணையாக நிற்க வேண்டும் என்கிற பாட்டு. எழுதியவர்களும் டாமியும் ஷெர்ரிலும்தான்.

இங்கே இருக்கிற தங்கைகளுக்காக ஒரு சின்னத் தகவல். டாமி பாட வருவதற்கு முன் அழகு நிலையத்தில் முடி திருத்தும் வேலை செய்தவர். அதற்கு அங்கே லைசென்ஸ் வேண்டும். உலகப் புகழ் பெற்ற பிறகும், லட்சக்கணக்கில் ரெக்கார்டு விற்ற பிறகும், அந்த லைசென்ஸை அவர் வருஷா வருஷம் விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். பாட்டு கைவிட்டால் கத்தரிக்கோல் காப்பாற்றும் என்ற கணக்கு. "துணையாக நில்" என்று பாடியவர், தன் காலில் நிற்கிற வழியையும் மூடவில்லை.

ஜார்ஜ் ஜோன்ஸ் 1931-இல் டெக்சாஸில் பிறந்தவர். அப்பா குடிகாரர். பையன் பியூமாண்ட் என்ற ஊரின் தெருக்களில் கிதாரோடு பாடிச் சில்லறை சேர்த்தவன். குரல் என்றால் அப்படி ஒரு குரல். கூடவே அப்பாவின் குடியும் வந்து ஒட்டிக்கொண்டது. கச்சேரிக்கு டிக்கெட் விற்றிருக்கும், ஆள் வர மாட்டார். ஜனங்கள் அவருக்கு 'நோ ஷோ ஜோன்ஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அவரைப் பற்றி ஒரு பிரபலமான கதை உண்டு. டாமிக்கு முந்தைய மனைவியோடு இருந்த காலம். குடிக்கப் போகக் கூடாது என்று கார்ச் சாவிகளை எல்லாம் மனைவி ஒளித்து வைத்துவிட்டார். மனிதர் ஜன்னல் வழியாகப் பார்த்தால், வெளியே புல் வெட்டுகிற மிஷின் நிற்கிறது, மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வகை. அதில் ஏறி நெடுஞ்சாலையிலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு சாராயக் கடைக்குப் போய்ச் சேர்ந்தார். 1996-இல் வந்த தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

(இந்த இடத்தில் அரங்கமே சிரித்தது.)

நீங்களும் சிரிக்கிறீர்கள். பிக்கப் வண்டியில் நானும் சிரித்தேன். 1993-இல் வின்ஸ் கில் என்ற பாடகரின் வீடியோவில் ஜோன்ஸே வந்து அதைக் கிண்டலாக நடித்தும் காட்டினார். ஆனால் நம் ஹாஸ்டலிலும் இப்படிக் கதைகள் உண்டு. சுவர் ஏறிக் குதித்தது, வாட்ச்மேன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனது. சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்தச் சைக்கிள்காரர்களில் ஒருவன் இன்று நம்மோடு இல்லை. பெயர் சொல்ல வேண்டாம், எங்கள் அணிக்குத் தெரியும். சாவியை ஒளித்து வைத்துவிட்டு ஜன்னல் ஓரம் நின்றுகொண்டிருந்தவள் பக்கத்திலிருந்து இந்தக் கதையை யாரும் சொல்வதில்லை. அங்கே சிரிப்பு வராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜோன்ஸும் டாமியும் 1969 பிப்ரவரி 16 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் ரிங்கோல்டு என்ற ஊரில் கல்யாணம் செய்துகொண்டார்கள். இருவருக்கும் அது மூன்றாவது திருமணம். 1970-இல் ஒரு பெண் குழந்தை. ஜோன்ஸ் எபிக் கம்பெனிக்கு மாறி வந்த பிறகு, 1971-இலிருந்து ஷெர்ரில் இருவரையும் சேர்த்துப் பாட வைத்தார். 1972-இல் கல்யாண உறுதிமொழியையே பாட்டாக்கிப் பாடினார்கள். வீட்டிலோ குடி நிற்கவில்லை. 1973-இல் டாமி விவாகரத்துக்கு மனுப் போட்டார். பிறகு சமாதானமாகி மனுவைத் திரும்பப் பெற்றார். 'கையை விட மாட்டோம்' என்கிற இந்தப் பாட்டு முதலிடத்துக்கு வந்ததும் அதே 1973-இல்தான். ஜோடியாக அவர்களுக்கு அதுதான் முதல் நம்பர் ஒன். நண்பர் ஏர்ல் மாண்ட்கோமரியோடு சேர்ந்து அந்தப் பாட்டை எழுதியவர் யார் தெரியுமா? குடியை விட முடியாத ஜோன்ஸேதான்.

1975-இல் விவாகரத்து முடிந்தது. கதை அதோடு நிற்கவில்லை. விவாகரத்தான அடுத்த வருஷம், 1976-இல், இருவரும் சேர்ந்து பாடிய 'கோல்டன் ரிங்' மறுபடி நம்பர் ஒன். சிகாகோவில் ஒரு அடகுக் கடையிலிருந்து கல்யாண மோதிரம் ஒன்று புறப்பட்டு, ஒரு குடும்பத்துக்குள் போய், கடைசியில் அதே அடகுக் கடைக்கே திரும்பி வரும் கதை. பிரிந்துபோன இருவர் குரலும் அதில் அப்படி ஒட்டிக்கொண்டு போகின்றன.

இங்கேதான் என் இன்ஜினீயர் மூளை மாட்டிக்கொண்டது. மைக் முன்னால் இவ்வளவு துல்லியமாக இணைந்து போகிறவர்களுக்கு வீட்டில் ஏன் முடியவில்லை? ஒரு டூயட் எப்படித்தான் வேலை செய்கிறது?

நம் முறையிலேயே சொல்கிறேன். கச்சேரியில் பாடகர் முதலில் முடிவு செய்வது சுருதி. பொதுவாக ஆண்கள் 1 கட்டை, ஒன்றரைக் கட்டை. பெண்கள் 5, ஐந்தரைக் கட்டை. ஒரு ஆணும் பெண்ணும் ஒன்றாகப் பாட வேண்டும் என்றால் முதல் கேள்வியே, சுருதி யாருக்கு? அவருக்குச் சௌகரியமாக வைத்தால் அவள் கீழே கிடந்து தவிப்பாள், அல்லது மேலே போய்க் கத்துவாள். அவளுக்கு வைத்தால் இவருக்கு அதே கஷ்டம். நல்ல டூயட்டில் இருவருமே கொஞ்சம் அசௌகரியத்தை ஏற்றுக்கொண்டு ஓர் இடத்தில் நிற்கிறார்கள்.

நாஷ்வில்லில் இதற்கு ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. 'நம்பர் சிஸ்டம்' என்று பெயர். 1950-களின் கடைசியில் ஜோர்டனேர்ஸ் என்ற குழுவில் பாடிய நீல் மாத்யூஸ் உருவாக்கியது. கார்டுகளை ஸி, எஃப், ஜி என்று எழுதாமல் 1, 4, 5 என்று எண்ணாக எழுதிவிடுவார்கள். வாத்தியக்காரர்கள் தாளில் வெறும் எண்தான் இருக்கும். பாடகிக்குச் சுருதி ஒத்து வரவில்லையா? தாளில் ஓர் எழுத்துக்கூட மாற்ற வேண்டாம். "எது 1?" என்பதை மட்டும் மாற்றினால் போதும். நம் ச ரி க ம மாதிரியே. ச எங்கே என்று முடிவானால் மற்றதெல்லாம் தானாக நகரும். இன்ஜினீயரிங் மாணவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். ரோபோவுக்கும் இதே கதைதான். முதலில் ஆதிப்புள்ளி எங்கே என்று சொல்ல வேண்டும். மற்ற அளவு எல்லாம் அதிலிருந்துதான்.

அடுத்தது ஹார்மனி. ஒருவர் மெட்டைப் பாடும்போது மற்றவர் அதற்கு மேலே, ஒருவர் ச-வில் நின்றால் இவர் க-வில், என்று பக்கத்திலேயே கூட நடக்க வேண்டும். மெட்டுப் பாடுகிறவர் தன்னிஷ்டத்துக்குப் போகலாம். கூட நடப்பவர் அப்படிப் போக முடியாது. அவர் எங்கே மூச்சு விடுகிறார், எந்தச் சொல்லை இழுக்கிறார், எங்கே வெட்டுகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு தொடர வேண்டும். ஜோன்ஸோ நேராக ஒரு வரியைப் பாடுகிற ஆளே இல்லை. சொல்லை நெளிப்பார், பின்தங்குவார், திடீரென்று வழுக்கிக்கொண்டு மேலே போவார்.

14 மாதத்தில் அந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டேனோ தெரியாது. கேட்டதெல்லாம் ஜோன்ஸின் குரலைத்தான். "என்ன குரல், என்ன குரல்" என்று. அதோடு என் ஆராய்ச்சி முடிந்தது.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் மனைவி இதே கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள், 2010 அணிதான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். "பேசலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். "பாட்டைப் பத்திப் பேசு. என்னைப் பத்தி ரொம்ப வேண்டாம்" என்று அனுமதி கிடைத்திருக்கிறது. அந்த 'ரொம்ப'வுக்குள் நிற்கப் பார்க்கிறேன்.

எங்களுக்கு 2013-இல் கல்யாணம். 2015-இல் மகள். நான் டென்னஸி போனபோது அவள் சென்னையில் வேலையையும் குழந்தையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கோடையில் இரவு 9 மணி என்றால் சென்னையில் காலை 7.30. நான் சாப்பிட்டு முடித்து, கட்டிலில் சாய்ந்துகொண்டு போன் போடுவேன். அந்த நேரம் அவளுக்கு எப்படிப்பட்ட நேரம்? குழந்தையைக் குளிப்பாட்டி, டிபன் பாக்ஸ் கட்டி, தானும் ஆபீஸ் கிளம்புகிற நேரம். நான் ரோபோ கோளாறு, ஃபோர்மேன் ஜோக், வார இறுதியில் எங்கே போனேன் என்று கதை அளப்பேன். அவள் "ம்", "ம்" என்பாள். நல்லாத்தானே பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் அந்த நேரத்தை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் 9 மணிதான் எங்கள் வீட்டுக்கு ச.

2019 ஆகஸ்டில் திரும்பி வந்தேன். வந்த இரண்டாவது வாரம், இன்னும் இரண்டு வருஷம் அங்கே போகச் சொல்லிப் பதவி உயர்வோடு கடிதம் வந்தது. வீட்டில் கேட்காமலே சரி என்று பதில் அனுப்பிவிட்டேன். சந்தோஷச் செய்தி என்று சொன்னேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். "நீ போயிட்டு வா. நான் திருச்சிக்கு அம்மா வீட்டுக்குப் போறேன். அங்கிருந்தே வேலை பாத்துக்கறேன். இதுக்கு மேல கூடவே ஓடி வர என்னால முடியல" என்றாள். நான் போகவில்லை. ஆனால் அவள் போய்விட்டாள். ஏழு மாதம் தனித்தனியாக இருந்தோம். நம் அணியின் வாட்ஸ்அப் குழுவில் நேரடியாகக் கேட்டவர்களும் உண்டு. கேட்காமலே பேசியவர்களும் உண்டு. யார் மீதும் வருத்தம் இல்லை. இன்று நானே சொல்லிவிட்டேன், கணக்கு முடிந்தது.

2020 மார்ச் 21, சனிக்கிழமை, மகளைப் பார்க்கத் திருச்சிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. சரி, திங்கள் போகலாம் என்றால் ஒத்திப் போட்டேன். செவ்வாய் இரவு நாடே பூட்டப்பட்டது. மாமியார் வீட்டில் மாட்டிக்கொண்டேன், தோழர்களே! இரண்டு சட்டை, ஒரு லேப்டாப். இரண்டு மாதம்.

அந்த வீட்டில் எனக்கென்று ஒரு நேரமும் கிடையாது. மாமியார் காலை 5 மணிக்கு எழுவார். 6 மணிக்குக் காபி, தவறினால் பகலில்தான். மகளுக்கு வகுப்பு, மனைவிக்கு மீட்டிங், மாமனாருக்கு டிவி. எனக்கு இடம் மொட்டை மாடிப் படிக்கட்டு. "மாப்பிள்ளை, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்று தினமும் ஒரு முறை வரும். வாழ்க்கையில் முதல் முறையாக வேறொருவர் சுருதியில் நான் பாட வேண்டியிருந்தது. பாத்திரம் கழுவினேன். பேசுவதைக் குறைத்தேன். அவள் தினமும் என்னென்ன செய்கிறாள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்கத்தான், அந்தக் காலை 7.30 மணி போன்கால் எப்படி இருந்திருக்கும் என்று உறைத்தது.

ஏப்ரலில் ஒரு நாள் சாயங்காலம், மாடியில் துணி எடுக்க வந்தவளிடம் இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். இயர்போனில் ஒன்று அவள் காதில், ஒன்று என் காதில். மூன்று நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் ஜோன்ஸின் குரலைப் பற்றி அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சொன்னது ஒன்றே ஒன்று:

"அந்தாள் பாட்டுக்குப் பாடறார். அந்தம்மாதான் வேலை செய்யுது."

நான் 14 மாதம் கேட்டுக் கேட்காததை அவள் ஒரே தடவையில் கேட்டுவிட்டாள். மறுபடி போட்டேன். ஆமாம். அவர் எங்கெல்லாம் நெளிகிறாரோ அங்கெல்லாம் அந்தப் பெண் குரல் கூடவே வளைந்து, ஒரு மயிரிழை பிசகாமல் வந்து சேர்கிறது. ஒற்றுமை என்று நான் உருகினேனே, அந்த ஒற்றுமையைச் செய்துகொண்டிருந்தது அந்தக் குரல்தான்.

"நம்ம காலேஜ் டே பாட்டு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். இருக்காதா? 2009. நாங்கள் இருவரும் மேடையில் ஒரு சினிமா டூயட் பாடினோம். இரண்டாவது சரணத்தில் நான் வரியை மறந்து, சமாளித்து, எப்படியோ இரண்டாம் பரிசு வாங்கினோம். பத்து வருஷமாக எல்லோரிடமும் சொல்லிச் சிரித்த கதை.

அவள் சொன்னாள்: "நீ மறக்கலை. நான் பாட வேண்டிய வரியை நீ பாடிட்டே. உன் வரியை நான் எடுத்துப் பாடினேன், அவ்வளவுதான். உனக்கு அது தெரியவே இல்லை."

தெரியவே இல்லை, நண்பர்களே. பதினோரு வருஷம் கழித்து, திருச்சியில் ஒரு மொட்டை மாடியில்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லி முடித்தால் கதை அழகாக இருக்கும். அப்படி இல்லை. ஊரடங்கு தளர்ந்த பிறகும் அவள் உடனே சென்னைக்கு வரவில்லை. 2021-இல்தான் வந்தாள். நான் வெளிநாட்டுப் பணியை விட்டதால் என்னோடு சேர்ந்தவர்கள் இரண்டு படி மேலே இருக்கிறார்கள். அது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். இப்போதும் நான் பாட்டுக்குப் போய்விடுவது உண்டு. அப்போது அவள் "அந்தம்மா வேலை செய்யுது" என்பாள். வீட்டில் அது பழமொழி ஆகிவிட்டது. மகளும் சொல்கிறாள்.

ஒன்று மட்டும் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. எப்படியாவது பிடித்துக்கொண்டே இருங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. டாமி விட்டுவிட்டு வந்தார். அவருக்குக் காரணம் இருந்தது. என் ஃபோர்மேன் பிரிந்தார். இந்த அரங்கத்திலும் பிரிந்தவர்கள் இருக்கலாம். அவர்கள் யாரும் தோற்றவர்கள் அல்லர். ஒருவரே எல்லா வேலையையும் செய்துகொண்டு எத்தனை காலம் பாட முடியும்?

அந்த இருவர் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். இருவருமே பிறகு வேறு கல்யாணம் செய்துகொண்டார்கள். 1995-இல் மறுபடி ஒன்றாக ஓர் ஆல்பம் பாடினார்கள். 'ஒன்' என்று பெயர். 1998 ஏப்ரலில், 55 வயதில், டாமி இறந்தார். நாஷ்வில்லில் ரைமன் அரங்கம் என்று ஒன்று இருக்கிறது. 1892-இல் தேவாலயமாகக் கட்டப்பட்டது. உட்கார மர பெஞ்சுகள்தான். அங்கேதான் அவருக்கு அஞ்சலிக் கூட்டம் நடந்தது. ஜோன்ஸ் 1999-இல் ஒரு பெரிய கார் விபத்தில் பிழைத்து, அதன் பிறகு குடியை விட்டார். 2013-இல் காலமானார். நான் ஊர் திரும்பும் முன் ஃபோர்மேன் என்னை ஒரு கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். வுட்லான் என்று பெயர். இருவரும் அங்கேதான் இருக்கிறார்கள். ஒரே தோட்டம், தனித்தனி இடம். ஃபோர்மேன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு இரண்டு இடத்திலும் நின்றார்.

"அப்போ பாட்டு பொய்யா?" என்று அவரிடம் நான் கேட்டதற்கு இன்று என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. பொய் இல்லை. அந்த மூன்று நிமிஷம், ஒருவர் மற்றவரை நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டுக்கு அது போதும். வீட்டுக்கு இரண்டு பேரும் கேட்க வேண்டும்.

தம்பிகளே, தங்கைகளே, இந்தக் கல்லூரி விழாவில் நீங்களும் ஜோடியாகப் பாடுவீர்கள். பரிசு கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மேடையை விட்டு இறங்கியதும், கூடப் பாடியவரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்: "நான் உன் வரியை ஏதாவது பாடிட்டேனா?" எனக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று.

பந்தியில் இலை போட்டுவிட்டதாகச் செயலாளர் சார் கையைக் காட்டுகிறார். மூன்றாவது வரிசையிலிருந்து என் மனைவியும் "போதும்" என்று கண்ணைக் காட்டுகிறாள்.